தனித் தம்ளரால் காசநோய் தடுக்கப்படுவதில்லை

சென்ற வாரம் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 62 வயது ஆச்சி ஒருவரை அழைத்து வந்தார்கள். காசநோய்க்கு மருந்து தொடங்கிய மூன்றாம் மாதத்தில், இருமல் நின்றுவிட்டதென்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். இப்போது மறுபடியும் மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு. ஒரு காரியம் மட்டும் அந்த வீட்டில் நாள் தவறாமல் நடந்திருந்தது: நோய் தெரிந்த அன்றே தட்டும் தம்ளரும் தனியாக்கப்பட்டு, படுக்கை பின்கட்டுக்குப் போயிருந்தது. இதே கதையை இந்த ஆண்டில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் அஞ்சிய காலத்து வழக்கம் இது. நுரையீரல் காசநோய் எச்சில் தம்ளரிலோ, தட்டிலோ, சேலையிலோ பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியை மற்றவர் மூச்சில் இழுப்பதாலேயே பரவுகிறது. நோய் கண்டறியப்படும் முன் மூன்று மாதம், அந்த ஆச்சி ஜன்னலில்லாத உள்ளறையில் பேரப்பிள்ளைகளோடு படுத்து இருமிக்கொண்டிருந்தார். அப்போது சளிப் பரிசோதனை செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. இருமல் மருந்துக் குப்பிகள்தான் தீர்ந்தன. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆக, ஆபத்து இருந்தபோது அருகில் வைத்திருந்து, அது குறைந்த பிறகு ஒதுக்கியிருக்கிறோம்.

இதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் அங்கு தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியம் எனும் தனிக் காசநோய் மருத்துவமனையிலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கடியான வீடுகளில், குறைவான உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-இல் அம்முடிவு வெளியான பின்னரே, நோயாளியை ஊருக்கு வெளியே வைக்கும் முறை உலகெங்கும் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

பிரித்து வைத்த தட்டில் என்ன விழுந்தது என்றும் கேட்டேன். கஞ்சியும் துவையலும் என்றார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. முட்டை, பருப்பு, பால் வாங்குவதற்கென நோயாளிக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மருந்து இலவசம், வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறமே, அஞ்ச வேண்டாம் (இதை முதல் நாளே சொல்லிவிடும்படி இளைய மருத்துவர்களிடம் எப்போதும் வற்புறுத்துகிறேன்). பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அதற்கான சிகிச்சை கடினமானது. வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நோய் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து தர வேண்டும்.

ஆச்சியின் கிருமி இன்னும் ரிஃபாம்பிசினுக்கு அடங்குகிறது என்று பரிசோதனை சொல்கிறது. பேரப்பிள்ளைகளை நாளை அழைத்து வருவதாக மருமகள் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் தம்ளரை மற்றத் தம்ளர்களோடு அடுக்களையில் வைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.