கதவுக்கு வெளியே வைத்த பெட்டியில் மாத்திரை

நாளை காலை உல்லாசக் கப்பல் துறைமுகம் சேரும் என்றால், இன்று மாலையே ஒவ்வொரு கேபினுக்கும் வண்ண வண்ணமாக லக்கேஜ் டேக் வந்துவிடும். பெட்டியைக் கட்டி, டேக்கை மாட்டி, இரவு பத்து பதினொரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பணியாளர்கள் இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலை உணவுக்கு யாராவது ஒருவர் கட்டாயம் பைஜாமாவோடு வருவார். போட்டுக்கொள்ள வைத்திருந்த பேண்ட்டும் பெட்டியோடு போயிருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பேண்ட் போனால் சிரிக்கலாம். கப்பல் மருத்துவராக இருந்த காலத்தில் அதே பெட்டியில் வேறொன்றும் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நவம்பர் மாதம். பார்சிலோனாவில் கிளம்பி, மதைரா தீவின் ஃபுன்ஷாலைத் தொட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போகும் 14 நாள் பயணம். ஃபுன்ஷாலைத் தாண்டினால் ஒரு வாரம் கரையே தெரியாது. இப்படிப்பட்ட பயணத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்கொரு மாத்திரை டப்பா இருக்கும்.

கடைசி இரவு பன்னிரண்டரைக்கு மருத்துவ அறை போன் அடித்தது. கொலராடோவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. கணவருக்கு இதயத் துடிப்பு சீரில்லாத நோய். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, இரண்டும் காலையும் இரவும். பல் தேய்த்துவிட்டுத் தேடினால் காணோம். நீலப் பெட்டியில் வைத்துக் கட்டியாயிற்று. அவர்கள் பெட்டியைக் கப்பலிலிருந்து நேரே விமானத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு வேறு பணம் கட்டியிருந்தார்கள். இனி அதைக் கொலராடோவின் டென்வரில்தான் பார்க்க முடியும்.

பணியாளர் தளத்தில் கப்பலின் முனையிலிருந்து முனைவரை ஒரு அகலமான நடைபாதை ஓடும். அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுஞ்சாலையை நினைத்து அதை ஐ-95 என்பார்கள். பெட்டிகளெல்லாம் அங்கே இரும்புக் கூண்டுகளில் அடுக்கப்பட்டு, விடிந்ததும் ஃபோர்க்லிஃப்டில் இறங்கக் காத்திருக்கும். கேபின் உதவியாளரும் நானும் ஒரு மணி நேரம் தேடினோம். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் நீலம் எத்தனை இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை.

மருந்தின் பெயர் கேட்டேன். "சின்னதாக, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை" என்றார் அந்த அம்மா. நல்ல வேளையாக, பயணத்தின் ஐந்தாம் நாள் அவர் கணவர் இருமலுக்காக வந்திருந்தார். அன்று எங்கள் நர்ஸ் எல்லா மருந்தையும் கேட்டு எழுதி வைத்திருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான், துடிப்பை அடக்க மெட்டோப்ரோலால். எங்கள் கையிருப்பிலிருந்து இரண்டு நாளைக்குக் கொடுத்தோம். அபிக்ஸபான் உடலில் அதிக நேரம் தங்காது. இரண்டு வேளை தவறினாலே பாதுகாப்பு ஏறக்குறைய போய்விடும். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். மறுநாள் முழுக்க விமான நிலையத்தில் அலையப் போகிறவருக்கு இரண்டும் ஆகாது.

இதற்கெல்லாம் பெரிய வைத்தியம் வேண்டாம். கடைசி நாள் மதியமே மாத்திரைகளைக் கைப்பையில் போடுங்கள், ஊர் சேரும் வரைக்கும் ஆகிற கணக்கோடு இன்னும் மூன்று நாளைக்குச் சேர்த்து. மாத்திரை அட்டைகளைப் பெயர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். இன்ஹேலர், காது கருவி, கண் சொட்டு மருந்து எல்லாம் இதே கணக்குதான். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே வேண்டாம். விமானத்தின் அடிப்பகுதியில் அது உறைந்துவிடலாம், உறைந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது.

நேரக் கணக்கும் உண்டு. ஸ்பெயினிலிருந்து ஃப்ளோரிடா வருவதற்குள் ஆறு மணி நேரத்தை, இரவுக்கு ஒரு மணியாகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக் கொடுத்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. பிள்ளைகளோடு கப்பலில் சுற்றிவிட்டு நவம்பரில் ஃப்ளோரிடாவிலிருந்து சென்னைக்குப் பறக்கும் பெற்றோருக்கு ஒரே மூச்சில் பத்தரை மணி நேரம் மாறும். இன்சுலின் போடுகிறவர்கள் எந்த ஊசி எப்போது என்பதைக் கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசி நாளின் இன்னொரு வழக்கம், மறைப்பது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பயணத்தின் நடுவில் உடனே வந்து சொல்கிறவர்கள் கடைசி நாளில் வாயே திறக்க மாட்டார்கள். கேபினிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்களோ, விமானம் போய்விடுமோ என்ற பயம். புரிகிறது. ஆனால் அது நோரோவைரஸ் என்றால், கடைசி காலை இறங்குவதற்காகப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேருக்கும் பரவும். சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழையும் முன்பு வயிற்று நோயாளிகள் எத்தனை பேர் என்று கப்பல் அந்நாட்டுச் சுகாதாரத் துறைக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் மறைத்தால் அந்தக் கணக்கும் பொய். பெரும்பாலும் ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று நாளில் சரியாகிவிடும். சொன்னால் உப்புச்சர்க்கரைக் கரைசலாவது கொடுத்து, வரிசையில் நிற்காமல் தனியாக இறக்கிவிடுவோம்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் கடல்மயக்கப் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பட்டை மூன்று நாளைக்கு. இரண்டு வாரமாக மாற்றி மாற்றி ஒட்டியவர், கடைசி பட்டையை அப்படியே மறந்து விமானம் ஏறுவார். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கழற்றிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்து, பார்க்கிறவர்கள் பக்கவாதமோ என்று பதறுவார்கள். நானே ஒருமுறை பதறியிருக்கிறேன், பட்டையைப் பார்க்கும் வரை. நெடுநாள் ஒட்டிக் கழற்றினால் ஓரிரு நாள் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். தரையில் இறங்கிய பிறகும் ஆடுவது போல இருப்பது வேறு, அது பலருக்கும் வந்து ஓரிரு நாளில் தானே போகும். ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், கப்பலில் இருந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஸ்பா தொட்டித் தண்ணீரின் நீர்த்துளியிலிருந்து வரும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் நிமோனியாவை, கப்பலில் இருந்தது தெரியாமல் யாரும் தேட மாட்டார்கள்.

பயணிகள் காலை ஒன்பதரைக்குள் இறங்கிவிடுவார்கள். மதியம் அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் கேபின் உதவியாளர் ஒருவர் எங்கள் அறைக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார். கட்டிலடியில் கிடந்த காது கருவி, கண்ணாடி டம்ளரில் பல்செட், ஃபிரிட்ஜ் கதவில் பால் டப்பாவுக்குப் பின்னால் நின்ற இரண்டு இன்சுலின் பேனா. அறை எண்ணைப் பார்த்துப் போன் போடுவோம். அதற்குள் அவர்கள் பேருந்தில் ஏறியிருப்பார்கள்.