'பொது ஆலோசனை' எதற்கு? 'கருத்துக் கேட்பு' இருக்கிறதே

அரசு ஒரு கொள்கையையோ விதியையோ மாற்ற நினைத்தால், முடிவு செய்வதற்கு முன் வரைவை வெளியிட்டு மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது ஒரு நடைமுறை. ஆங்கிலத்தில் பப்ளிக் கன்சல்டேஷன். இதைத் தமிழில் 'பொது ஆலோசனை' என்று எழுதும் பழக்கம் இணையதளங்களிலும் செய்திக் குறிப்புகளிலும் பரவிக்கொண்டே போகிறது. "வரைவு விதிகள் பொது ஆலோசனைக்காக வெளியிடப்பட்டுள்ளன" என்று படிக்கும் ஒருவர், யார் யாருக்கு ஆலோசனை சொல்லப் போகிறார்கள் என்று கேட்டால் அவர்மேல் தப்பே இல்லை.

வேரைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கன்சல்டேஷன் இலத்தீன் வழி வந்த சொல். கூடி யோசிப்பது, பிறரிடம் யோசனை கேட்பது என்று பொருள். பழைய ரோமின் கான்சல் என்ற பதவிப் பெயரும் இதே குடும்பம்தான். பப்ளிக் என்பதற்கு மக்கள் சார்ந்தது என்று பொருள். ஆலோசனை வடசொல், பார்ப்பது, எண்ணிப் பார்ப்பது என்ற பொருளில் வந்தது. வடசொல் என்பதற்காக நான் அதை விலக்கச் சொல்லவில்லை. எத்தனையோ வடசொற்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. இந்த இடத்துக்கு அது பொருந்தாது, அதுதான் என் வாதம்.

இன்றைய தமிழில் ஆலோசனைக்கு இரண்டு பொருள்கள் நிலைத்துவிட்டன. ஒன்று, அறிவுரை. டாக்டர் ஆலோசனை சொல்கிறார், வக்கீல் ஆலோசனை சொல்கிறார். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது அது. இன்னொன்று, மேல்மட்டத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவது. 'அமைச்சர் அதிகாரிகளுடன் ஆலோசனை' என்று தலைப்பு வந்தால், அந்த அறைக்குள் நமக்கு இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் மக்களிடம் கேட்பது என்ற பொருள் வரவில்லை. போதாக்குறைக்கு முன்னால் ஒரு 'பொது'. பொது அறிவு, பொது மருத்துவம் என்பது போல, 'பொது ஆலோசனை' என்றால் எல்லாருக்கும் பொருந்தும் அறிவுரை என்றுதான் காதில் விழுகிறது. மருத்துவமனைப் பலகையில் இருக்கவேண்டிய சொல். அநேகமாக அங்கிருந்துதான் வந்திருக்கும்: டாக்டரிடம் போவதும் ஆங்கிலத்தில் கன்சல்டேஷன், அதற்குத் தமிழ் மருத்துவ ஆலோசனை, ஆகவே எங்கே கன்சல்டேஷன் வந்தாலும் ஆலோசனை. இந்தக் கணக்கில்தான் இன்று பாதி மொழிபெயர்ப்பு நடக்கிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வரைவு விதிகளை முன்கூட்டியே வெளியிடுவது பற்றிய பழைய சட்டம் 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, ஆட்சேபணைகளும் யோசனைகளும் வந்தால் அரசு அவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஆட்சேபணைதான் முதலில் வருகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் மின் கட்டணம் பற்றிய 64ஆம் பிரிவும் மக்களின் யோசனை, ஆட்சேபணை இரண்டையும் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை என்கிறது. தமிழில் இது என்ன ஆகிறது? கன்சல்டேஷனும் ஆலோசனை, சஜஷனும் ஆலோசனை, சில நேரம் அட்வைஸும் ஆலோசனை. கடைசியில் "பொது ஆலோசனைக்கு உங்கள் ஆலோசனைகளை அனுப்பலாம்" என்று ஒரு வாக்கியம் பிறக்கிறது. 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லச் சட்டம் கொடுத்த உரிமை அதில் எங்கே? ஆலோசனை சொல்பவர் உதவி செய்பவர்; ஆட்சேபிப்பவர் எதிர்ப்பவர். முதலாமவரை மட்டும் கூப்பிடுவது போல எழுதினால் இரண்டாமவர் தனக்கு அழைப்பில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம், ஆலோசனைக்குப் பதிலாகச் சிலர் எழுதும் 'கலந்தாய்வு'. கொஞ்சம் அழகான சொல், அதனால் ஆபத்தும் கூட. முதலில், அந்தச் சொல் இப்போது காலியாக இல்லை. தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றால் பொறியியல் சேர்க்கை, தரவரிசை, கட்-ஆஃப் மதிப்பெண். இரண்டாவது, கலந்து ஆய்வதற்கு இரு தரப்பும் ஒரே மேசையில் சமமாக உட்கார வேண்டும். அந்த அளவுக்குச் சட்டம் போகவில்லை. அரசியலமைப்பின் 124ஆம் பிரிவில் நீதிபதி நியமனத்துக்கு வரும் கன்சல்டேஷன் என்ற ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றத்தில் எவ்வளவு வாதம் நடந்தது! அதற்கு இசைவு என்று பொருளில்லை என்றது 1981 தீர்ப்பு. தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று 1993இல் தீர்ப்பு மாறியது. நீதிபதிகள் விஷயத்திலேயே இந்தப் பாடு. ஒரு சுரங்கத் திட்டத்துக்கோ துறைமுகத்துக்கோ மக்கள் சொல்வதை அரசு ஏற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இல்லாத சமத்துவத்தைச் சொல்லில் மட்டும் பூசிவைத்தால் லாபம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் பப்ளிக் ஹியரிங் என்பதை 'பொது விசாரணை' என்று எழுதுபவர்களும் உண்டு. விசாரணை என்றாலே காவல் நிலையம் ஞாபகம் வருகிற நாட்டில், ஊர்மக்களைக் கருத்துச் சொல்லக் கூப்பிடும் கூட்டத்துக்கு அந்தப் பெயரா?

தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம், அவர்கள் பக்கமும் ஒரு சொல் இருக்கிறது: உசாவல். விசாரிப்பது, யோசனை கேட்பது என்று பொருள். நல்ல பழஞ்சொல். ஆனால் வரைவு வெளியான 30 நாளுக்குள் கடிதம் எழுதவேண்டிய ஒரு விவசாயிக்கு 'மக்கள் உசாவல்' என்று அறிவிப்பு அனுப்பினால், அவர் அகராதி தேடி முடிப்பதற்குள் தேதி போய்விடும். இன்னொரு பழஞ்சொல் சூழ்ச்சி. குறள் காலத்தில் ஆராய்ந்து எண்ணுவதைக் குறித்தது. இன்று 'அரசின் மக்கள் சூழ்ச்சி' என்று எழுதிப் பாருங்கள், எதிர்க்கட்சிகள் நன்றி சொல்லும்.

இத்தனைக்கும் சரியான சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது: கருத்துக் கேட்பு. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் திருத்தம் கொண்டுவந்தபோது, காவிரிப் படுகை முழுக்க "மக்களிடம் கருத்துக் கேட்காமலா?" என்றுதான் கொதித்தது. 2022 ஆகஸ்டில் மின் கட்டண உயர்வுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நடத்தியதும், 2023 ஜனவரியில் கருணாநிதிக்குக் கடலில் பேனா நினைவுச் சின்னம் அமைப்பது பற்றிக் கலைவாணர் அரங்கத்தில் கூச்சலோடு நடந்ததும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள்தான். யாரும் விளக்கம் கேட்கவில்லை. இலங்கையில் 2016இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்காக ஊர் ஊராகப் போன குழுவை 'மக்கள் கருத்தறியும் குழு' என்றார்கள். அதுவும் நல்ல சொல்லாட்சி. ஆனால் அறிதல் என்றால் ஒளிந்திருந்தும் அறியலாம். கேட்பதென்றால் நேரே வந்து நிற்க வேண்டும்.

கேள் என்ற வினைக்கு இருக்கும் வசதியைப் பாருங்கள். வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் முழுக்கச் செவியால் கேட்டு அறிவதைப் பற்றியது. அம்மா "சொன்னால் கேள்" என்றால் அதில் காதுகொடுப்பதோடு அதன்படி நடப்பதும் சேர்ந்துவிடுகிறது. இவ்வளவையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு நாம் வெளியே போய்க் கடன் வாங்குகிறோம். வருவாய்த் துறையில் கேட்பு (கட்டவேண்டிய தொகை), வசூல், நிலுவை என்று வரிக்கணக்கில் இந்தச் சொல் வருகிறதே, குழப்பமாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முன்னால் 'கருத்து' நிற்கும்வரை ஆகாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கன்சல்டேஷன் என்பது இரண்டு பகுதி: மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வருபவரோ தலைமை தாங்கும் நேரடிக் கூட்டம் ஒன்று, எழுத்தில் வரும் கருத்துகள் இன்னொன்று. முழுமைக்கும் 'கருத்துக் கேட்பு' என்றும், முதல் பகுதிக்கு மட்டும் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்றும் எழுதினால் போதும். இரண்டையும் 'கூட்டம்' ஆக்கிவிட்டால், கூட்டத்துக்குப் போகமுடியாதவர் தன் வாய்ப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பார்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டியும் பயனில்லை. 2020இல் அதே அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனது. வரைவையே தமிழில் தர மனமில்லாத இடத்தில், தலைப்புக்கு மட்டும் எந்திரத்தில் ஒரு 'பொது ஆலோசனை' தட்டி எடுப்பது யாருக்கும் சிரமமில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடுகிற கன்சல்டேஷன் பேப்பரை 'ஆலோசனைத் தாள்' என்று எழுதுகிறார்கள். பேப்பர் என்றால் காகிதம் மட்டும்தானா? 'கருத்துக் கேட்பு ஆவணம்' என்று எழுதலாம். எழுதும்போது நடுவில் அந்த 'க்' விட்டுப்போகக் கூடாது. 'கருத்து' வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் வல்லினம் மிகும். 'கருத்து கேட்பு' என்று அச்சடித்த பதாகைகளை அரசு நிகழ்ச்சிகளிலேயே தாராளமாகப் பார்க்கலாம்.