பாறை இடுக்கில் மூச்சுவிடும் கடல்

“கடல்லேருந்து கரண்ட் எடுக்கிற படிப்பு இருக்காமே சார், படிக்கலாமா?” என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் படிக்கலாம். சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியலுக்குத் தனித் துறையே உண்டு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில் முடித்தும் இந்தப் பக்கம் வரலாம். ஆனால் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, நம்பி நம்மூரில் ஒன்றும் ஆகாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் 10 மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர் தேறினால் அதிகம். நமக்கு வாய்த்தது அலைதான்.

அலையிலிருந்து மின்சாரமா? காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகிற வழியில், அரிப்புக்குப் பயந்து கொட்டிய கருங்கற்கள் பக்கம் நின்று பாருங்கள். அலை மோதும்போது கல்லிடுக்கில் புஸ்ஸென்று காற்று சீறும். அலை திரும்பும்போது அதே இடுக்கு காற்றை உள்ளே உறிஞ்சும். கல்லுக்குப் பதில் கான்கிரீட் அறை, இடுக்கில், காற்று பட்டால் சுற்றி ஜெனரேட்டரை ஓட்டும் ஒரு டர்பைன். மின்நிலையம் தயார்.

ஒரே சிக்கல்: காற்று போகும், வரும். சாதாரண விசிறி முன்னும் பின்னும் சுற்றித் திணறும். 1970களில் பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் இதற்குக் கண்டுபிடித்த டர்பைன்மேல் எனக்குத் தீராத காதல். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும்! எப்படி? மழை நேராகக் கீழே விழுந்தாலும், பைக்கில் வேகமாகப் போகிறவருக்கு முன்னாலிருந்து சாய்வாக முகத்தில் அடிக்கிறது அல்லவா? ஓடும் இறக்கைக்கும் காற்று அப்படித்தான் படும். காற்றுக்குச் செங்குத்தாகத் தள்ளும் தூக்குவிசை அதனால் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்து, இறக்கையை முன்னே இழுக்கும். இறக்கையின் மேலும் கீழும் ஒரே வடிவம். எனவே மழை கீழிருந்து மேலே பெய்தாலும் கணக்கு அதேதான், இழுப்பு முன்னால்தான். ஆனால் நின்றுகிடந்தால் இந்த வித்தை நடக்காது. முதலில் யாராவது சுற்றிவிட வேண்டும்.

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இலேயே 150 கிலோவாட்டுக்கு இப்படி ஒன்று கட்டினார்கள், சென்னை ஐஐடி ஆட்களும் சேர்ந்து. இன்று அது ஓடவில்லை. 2022இல் தூத்துக்குடி கடலில் ஐஐடி வேறு வகைக் கருவியை இறக்கியது: சிந்துஜா-1, 100 வாட். ஒரு சீலிங் ஃபேனுக்குப் போதும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட் யூனிட் ஒன்றுக்கு ஈடாக 60 லட்சம் சிந்துஜா வேண்டும். சிரிக்கலாம்தான். ஆனால் முப்பது வருஷமாக அவ்வப்போது மட்டும் காசு கொடுத்தால் எந்த ஆராய்ச்சி வளரும்? எண்ணூர் சாம்பலைச் சுவாசிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்புறம், வேலை எப்படி இருக்கும்? பாதி நாள் கம்ப்யூட்டர். மீதி நாள் உப்பு, துரு, கடலில் கிடக்கும் எதிலும் ஓடோடு ஒட்டி வளரும் கொட்டலசு. காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகின் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டுகிறார்களே, அதே கொட்டலசு.