அமெரிக்கா மேற்கேயா, கிழக்கேயா?

போன கோடையில் பெரியம்மாவின் மகள் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறினாள். குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போன் திரையில் அந்த விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அமெரிக்கா மேற்கால தானேப்பா இருக்கு? இது கிழக்கால போகுதே!" என்று பெரியம்மா பதறிவிட்டார்.

வீட்டுப் பையனின் உலக உருண்டையை எடுத்து வரச் சொன்னேன். பெரியம்மா பூக் கட்டும் நூலின் ஒரு முனையைப் பெங்களூரின் மேல் அழுத்தி, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்தேன். இழுக்க இழுக்க நூல் வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறியது. திபெத், மங்கோலியா, சைபீரியாவின் வட கரை, அலாஸ்கா. அங்கே நின்றுவிட்டது. உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. பெருவட்டப் பாதை என்பது இதுதான். நீளம் சுமார் 14,000 கிலோமீட்டர்.

சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பசிபிக் கடல் மேல் நேர்கோடு போட்டால், பார்க்க அதுதான் குறுக்கு வழி போலத் தெரியும். ஆனால் அதன் நீளம் 16,100 கிலோமீட்டர். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவப் பக்கம் இழுபட்டுப் பெருத்துவிடுகிறது. கண் அதில்தான் ஏமாறுகிறது. கிழக்கு, மேற்கு சந்தேகமும் இப்படித்தான். சான் பிரான்சிஸ்கோ நமக்குக் கிழக்கே 160 பாகை, மேற்கே 200 பாகை. கிழக்கே போவதுதான் கிட்ட.

சரி, அப்படியானால் எல்லா விமானமும் நூல் வழியே போகுமா? போகாது. திபெத்தின் தரையே பெரும்பாலும் 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், முகமூடியில் வரும் ஆக்சிஜன் தீர்வதற்குள் சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே இறங்க இடம் ஏது? அதனால் அந்த மேட்டைச் சுற்றிப் போவதுதான் வழக்கம்.

அப்புறம் காற்று. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல ஓடுகிறது ஜெட் காற்று. ஜப்பானின் வானிலை ஆய்வாளர் ஓயிஷி வசாபுரோ 1920-களிலேயே பலூன் விட்டு அதை அளந்தார். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்றால், பின்னாலிருந்து 150 தள்ளும்போது தரைக்கு மேல் 1,050. எதிரே வந்தால் 750. அதனால் போகும்போது தூரம் கூடினாலும் பசிபிக் பக்கம் ஒதுங்கி அந்த ஓட்டத்தில் ஏறிக்கொள்வது லாபம். திரும்பும்போது அதே காற்றுக்கு விலகிப் போக வேண்டும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே வந்து சேர்ந்தார்கள்.

பெரியம்மாவின் மகள் செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்குக் கிளம்பினாள். 16 மணி நேரம் பறந்தாள். கோடையில் அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். போய்ச் சேர்ந்ததும், "இறங்கிட்டேன்மா, இங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரை" என்று கூப்பிட்டாள். குப்பத்தில் புதன் விடிந்துவிட்டது. பெரியம்மா வாசல் தெளித்துக் கோலமே போட்டு முடித்திருந்தார்.