ஹெர்மிஸ் கப்பலைக் காண இறங்குமுன்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. தாக்கப்பட்ட வேளையில் அதன் தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதனோடு 307 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பலைக் காண விரும்பும் சுழியோடி, படகில் ஏறுவதற்கு வெகு முன்பே, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு கீழே இறங்குவதிலிருந்து அல்ல, மேலே திரும்பி வருவதிலிருந்தே தொடங்குகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுவதால், 53 மீட்டரில் வளியழுத்தத்தையும் சேர்த்து 6.3 பார் உடலை அழுத்துகிறது. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு அங்கே 126 லிட்டர் தேவைப்படும். 200 பாருக்கு நிரப்பிய 12 லிட்டர் உருளையில் இருப்பது 2,400 லிட்டர்தான். அதை வைத்துக்கொண்டு அடியில் நின்றால், மேலேறுவதற்கு ஒரு மூச்சும் மிஞ்சாமல், 19 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே இரட்டை உருளைகளைச் சுமக்கிறார்கள்.

அளவைப் போலவே எதைச் சுவாசிக்கிறோம் என்பதும் முக்கியம். சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த ஆழத்தில் மதுவைப் போல மயக்கம் தந்து, அழுத்தமானியில் தெரியும் எண்ணைப் படித்தும் அதன் பொருள் உறைக்காத நிலைக்கு மனத்தைக் கொண்டுசெல்லும். ஒட்சிசனை மட்டும் கூட்டித் தப்பவும் முடியாது: அதன் பகுதியழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஒட்சிசனுக்குரிய பங்கு, 1.4 பாரைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் ஏறுகிறது. 32 வீத ஒட்சிசன் கொண்ட கலவை அந்த வரம்பை 34 மீட்டருக்குள்ளேயே தொட்டுவிடும். ஆகவே 18 வீதம் ஒட்சிசன், 45 வீதம் ஹீலியம், மிச்சம் நைட்ரஜன் என்று கலக்கிறார்கள். அப்போது 53 மீட்டரில் ஒட்சிசன் 1.13 பாராக அடங்குவதோடு, மயக்கமும் சாதாரணக் காற்றுடன் 20 மீட்டரில் இருப்பதற்குச் சமமாகக் குறைகிறது. ஹீலியம் விலை கூடியதுதான். ஆனால் தெளிந்த புத்திக்கு அது அதிக விலையல்ல என்பதே என் எண்ணம்.

இனிதான் கணக்கின் உயிர்நாடி. ஒருவரது காற்று அடியிலேயே நின்றுபோனால், இருவரும் ஒரே தொகுதியைப் பகிர்ந்து மேலேற வேண்டும். பதற்றத்தில் ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பதாகக் கொண்டு, நிலைமையைச் சீர்செய்ய ஒரு நிமிடமும், 21 மீட்டர்வரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறும் நேரமும் சேர்த்தால், சுமார் 1,400 லிட்டர் வருகிறது. இரட்டை உருளையில் அது ஏறத்தாழ 60 பார். ஆகவே அந்த 60 பார் உங்களுடையதல்ல, உடன் வருபவருடையது. அழுத்தமானி அங்கே வந்து நிற்குமுன், கண்முன்னே கப்பலின் பீரங்கி தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும்.

21 மீட்டரில் 50 வீத ஒட்சிசன் கொண்ட தனி உருளைக்கு மாறுகிறார்கள். திசுக்களில் கரைந்த வாயுக்கள் குமிழிகளாகிவிடாமல் வெளியேற, படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டுமென்பதை, ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1908இல் வெளியிட்டார். அடியில் 20 நிமிடம் கழித்தவர் அதற்கு ஈடாகவோ கூடவோ ஏறுவதில் செலவிட நேரும். அந்த நேரம் முழுவதும் நீரோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், கப்பலில் கட்டிய இறங்குகயிறும், அது தவறினால் மேலே அனுப்பும் மிதவையும், அந்த மிதவையைப் பின்தொடரத் தெரிந்த படகோட்டியும் திட்டத்தின் பகுதிகளே. வாடைக் காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அடங்கும் மாதங்களையே இதற்குத் தேர்கிறார்கள்.

முடிவில் எல்லாம் முன்கையில் கட்டிய சிறு பலகையில் வந்து சேர்கின்றன: ஆழம், நேரம், நிறுத்தங்கள், திரும்பும் அழுத்தம். அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும். திட்டமிட்டதைவிட 3 மீட்டர் ஆழமாகவும் 5 நிமிடம் அதிகமாகவும் போய்விட்டால் எங்கெங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லும்.