கல்யாணச் செலவும் கார்டு கொடுக்கும் கெடுவும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜோடி தங்கள் கல்யாணச் செலவுப் பட்டியலோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அழகான பட்டியல். மண்டபம், சாப்பாடு, உடை, புகைப்படம் என ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொகை. அதற்குப் பக்கத்தில், எந்த கிரெடிட் கார்டில் கட்டுவது என்ற குறிப்பு. மேடை அலங்காரத்துக்கு மட்டும் முதலில் போட்ட தொகையை அடித்துவிட்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "புது கார்டின் இலக்குக்குக் கொஞ்சம் குறைந்தது சார்" என்றார் மாப்பிள்ளை. மணப்பெண் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாக கார்டு எடுப்பவர் குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், குறிப்பிட்ட தொகை செலவழித்தால் பெரிய அளவில் போனஸ் புள்ளிகள் தருவது கார்டு நிறுவனங்களின் வழக்கம். மாதச் செலவை வைத்து எட்ட முடியாத அந்த இலக்கு, கல்யாணம் வந்தால் ஒரே வாரத்தில் எட்டிவிடும். எப்படியும் செய்யப்போகிற செலவு, கையில் தயாராக இருக்கும் பணம் என்றால் நான் இதை எதிர்ப்பதில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் கணக்கில் தவறுவதில்லை; தேதியில் தவறுகிறார்கள்.

பல கார்டுகளில் கெடு ஓடத் தொடங்குவது விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளில். கார்டு தபாலில் வந்து, உறையைப் பிரித்து, முதல் முறை தேய்க்கும்போது இரண்டு வாரம் கரைந்திருக்கும். கல்யாணச் செலவோ ஒரே நாளில் வருவதில்லை. மண்டபத்துக்கு முன்பணம் பல மாதம் முன்பே போய்விடும். கேட்டரிங் பாக்கியைக் கடைசி வாரத்தில் கேட்பார்கள். ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் புகைப்படக்காரருக்கு மீதி. ஆகவே முதலில் யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொகைகள் நெருக்கமாக விழும் மூன்று மாதம் எது என்று பார்த்து, அதற்குச் சற்று முன் விண்ணப்பியுங்கள். கடைசி நாளில் தேய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். செலவு கணக்கில் பதிவாகும் தேதியைத்தான் சில நிறுவனங்கள் பார்க்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

எல்லாச் செலவும் இலக்கில் சேராது. ஆண்டுக் கட்டணம், வட்டி, கார்டில் எடுத்த ரொக்கம் ஆகியவை பொதுவாகச் சேராது. பணம் வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. கேட்டரிங்குக்கு 5811, நகைக்கடைக்கு 5944, புகைப்பட நிலையத்துக்கு 7221. அலங்காரம் செய்பவர் தன் நண்பரின் கடை இயந்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினால், பில்லில் விழுவது அந்த நண்பரின் குறியீடு. அது கார்டின் விலக்குப் பட்டியலில் இருந்தால் போனஸ் கணக்கில் அந்தத் தொகை இல்லை. தெரிந்த கடையில் தேய்த்துப் பணமாக வாங்கிக்கொள்ளும் யோசனையோடும் சிலர் வருவார்கள். அது விதிமீறல், புள்ளிகளோடு கார்டும் போகலாம்.

திரும்பி வரும் பணமும் உண்டு. மண்டபத்தில் சேதத்துக்காகப் பிடித்து வைத்த வைப்புத்தொகை கார்டுக்கே திரும்பினால், அந்த அளவு இலக்கிலிருந்து கழியும். இலக்கைச் சரியாகத் தொட்டு நின்றவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். எப்படியும் வரும் செலவிலேயே கொஞ்சம் கூடுதலாக அந்தக் கார்டில் போட்டு வையுங்கள்.

கார்டில் கட்டினால் இரண்டு, மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்பவர்களைப் பற்றி என்னிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. இலக்கை எட்டும்வரை, போனஸின் மதிப்பைவிட மொத்தக் கூடுதல் குறைவாக இருந்தால் கொடுக்கலாம். எட்டிய மறுநிமிடம் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு நூற்றுக்கு ஒரு புள்ளி வாங்க நூற்றுக்கு மூன்று கொடுப்பது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

வட்டியைப் பற்றி நீளமாகப் பேச எனக்கே அலுப்பு, ஆனாலும் ஒரு கணக்கு. ஒரு லட்சம் செலவுக்கு எட்டாயிரம் மதிப்புள்ள போனஸ் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாதம் 3 சதவீதம். முழுத் தொகையையும் மூன்று மாதம் கட்டாமல் சுமந்தால் கூட்டு வட்டி 9,270-க்கு மேல். போனஸ் போய், அதற்கு மேலும் கைப்பணம் போயிற்று. பில்லில் உள்ள குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி தப்பாது. பாக்கி வைத்தவருக்குப் புதிதாகத் தேய்க்கும் செலவுக்கும் பல கார்டுகளில் அன்றிலிருந்தே வட்டி ஓடும். கல்யாணத்தில் பரிசாக வரும் பணத்தை நம்பி கார்டைத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும் தொகையும் தெரியாது, வரும் வேளையில் வேறு பாக்கிக்காரர் வாசலில் நிற்பார்.

புள்ளிகளைவிடப் பெரிய லாபம் ஒன்று கார்டில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதே இல்லை. முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் அன்றைக்கு வராமல் போனால், கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இத்தகைய பல புகார்களுக்கு 120 நாள்தான் கெடு. கல்யாண அலுப்பில் தள்ளிப்போடக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம், தேதியோடு ரசீது, அனுப்பிய செய்திகள் எல்லாம் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தவருக்கு இந்த வழியே கிடையாது.

இன்னொன்று, கார்டு யார் பெயரில் என்பது. கூடுதல் கார்டில் மாப்பிள்ளை தேய்த்தாலும் மணப்பெண் தேய்த்தாலும் இலக்கில் சேரும். ஆனால் கடன் முதன்மைக் கணக்குக்காரருடையது. கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் புது கார்டே எடுக்க வேண்டாம் என்பேன். புது விண்ணப்பமும், வரம்பை ஒட்டி ஏறிய பில்லும் கடன் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும்.

அந்த ஜோடிக்கு அலங்காரத் தொகையைப் பழையபடி ஆக்கச் சொன்னேன். இலக்குக்குக் குறைந்த தொகையை நிரப்ப வேறு என்ன செலவு இருக்கிறது என்று மூவரும் தேடினோம். இரண்டு மாதம் கழித்துக் கட்ட வேண்டிய வாகனக் காப்பீடு ஒன்று கிடைத்தது. கார்டின் விதிமுறையில் காப்பீட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்தோம். இல்லை. மணப்பெண் அங்கேயே பட்டியலை வாங்கி, அலங்காரத்துக்கு எதிரே இருந்த பெரிய எண்ணை அடித்தார்.