சாக்கெட் ஒண்ணுதான், ஆனா போர்டு ஏத்துக்கணுமே

திருவல்லிக்கேணியில எங்க அத்தை சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்காங்க. கல்யாண பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காலேஜ் பசங்களோட ப்ராஜெக்ட், எல்லாம் ரெண்டே ரெண்டு பழைய பிராண்டட் டெஸ்க்டாப்புல ஓடுது, ரெண்டுமே ஏதோ ஆபீஸ்ல ஓடி முடிச்சு செகண்ட் ஹேண்டா வந்தது. தை மாசம் முகூர்த்த சீசன் வந்தாலே "டேய், ஒரு பிடிஎப் போடறதுக்குள்ள கஸ்டமர் எழுந்து போயிடறாங்கடா"ன்னு அத்தை போன் பண்ணுவாங்க. சரி, புது மெஷின் வாங்கற காசுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது, ப்ராசஸரை மட்டும் மாத்திடலாம்னு கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு ஐ7 3770 வாங்கிட்டு வந்தேன்.

முதல் மெஷின்ல இருந்தது ஐ3 2120. மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்தான் சாக்கெட், அதுவும் எல்ஜிஏ 1155 சாக்கெட், வாங்கினதும் எல்ஜிஏ 1155 தான். கழட்டி வச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு, லீவரை அழுத்தி மூடி, பேஸ்ட் போட்டு, ஹீட்சிங்க் மாட்டி பட்டனை அமுக்கினா பேன் மட்டும் ஃபுல் ஸ்பீடுல கத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல. சிப்பு போச்சுன்னே நினைச்சேன். பழைய ஐ3யைத் திரும்பப் போட்டா மெஷின் சமத்தா ஓடுது. அப்புறம் அதே ஐ7யை ரெண்டாவது மெஷின்ல, அது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, போட்டுப் பார்த்தா முதல் தடவையே டிஸ்ப்ளே வந்துடுச்சு. சாக்கெட்டும் ஒண்ணு, சிப்பும் ஒண்ணு, ஒரு போர்டு ஏத்துக்குது, இன்னொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல. இது ஏன்னு தேடிப் படிச்சப்போ தெரிஞ்ச விஷயம்தான் இது, ப்ராசஸர் மாத்த நினைக்கிற எல்லாரும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்.

பவர் பட்டனை அமுக்கினதும் ப்ராசஸருக்கு ஒண்ணுமே தெரியாது. ரேம் எவ்வளவு இருக்கு, டிஸ்க் எங்க இருக்கு, எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு முகவரி, 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழ. நேரா அங்க போய் முதல் கட்டளையை எடுக்கும். அந்த இடத்துல ரேம் கிடையாது, போர்டுல ஒட்டியிருக்கற குட்டி பிளாஷ் சிப்தான் பதில் சொல்லும், அதுலதான் பயாஸ் இருக்கு. பயாஸ் முதல்ல பண்ற வேலைகள்ல ஒண்ணு, சிப்பைப் பாத்து "நீ யாருப்பா"ன்னு கேக்கறது. என்னோட ஐ3 2120 மாதிரி சாண்டி பிரிட்ஜ்ங்கற தலைமுறை சிப் 206ஏ7னு சொல்லும், நான் வாங்கின ஐ7 3770 மாதிரி 2012ல வந்த அடுத்த தலைமுறை ஐவி பிரிட்ஜ் சிப் 306ஏ9னு சொல்லும். பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் மெமரி கன்ட்ரோலரை எப்படி எழுப்பணும், எந்த வேகத்துல ஓட்டணும்ங்கறது வேற வேற, அந்த அடையாளத்துக்கான ப்ரோக்ராம் கோடு பயாஸ்ல இல்லேன்னா வேலை அங்கயே நின்னுடும். பேன் கத்தினதுக்குக் காரணமும் இதுதான், பேன் வேகத்தைக் குறைக்கச் சொல்ற கோடே இன்னும் ஓட ஆரம்பிக்கல.

அடையாளம் தெரிஞ்சதும் அந்த சிப்புக்கான மைக்ரோகோடை, அதாவது சிப்புக்குள்ள ஓடற கட்டளைகளுக்கான திருத்தத்தை, பயாஸ் ஏத்தும். இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. 1994ல இன்டெல் பென்டியம் சிப்ல வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தப்பா வருதுன்னு வெளிய வந்துச்சு, சிலிகான்ல செதுக்கின தப்பை அழிச்சு எழுத முடியாது, சிப்பையே மாத்திக் குடுக்கணும், அதுக்காக இன்டெல் ஒதுக்கின பணம் 47.5 கோடி டாலர். அடுத்து 1995ல வந்த பென்டியம் ப்ரோவுல இருந்து ப்ராசஸருக்கு உள்ள ஓடற கட்டளைகளை வெளிய இருந்து திருத்தற வசதியை வச்சுட்டாங்க. ஆனா அந்தத் திருத்தம் சிப்ல நிரந்தரமா தங்காது, கரண்ட் போனா போச்சு. அதனால ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் பயாஸ் புதுசா ஏத்தணும். பழைய பயாஸ்ல புது சிப்புக்கான மைக்ரோகோடு இருக்காது, அதனாலதான் பழைய ப்ராசஸர் உள்ள இருக்கறப்பவே பயாஸை கடைசி வெர்ஷனுக்கு அப்டேட் பண்ணிட்டு அப்புறம் கழட்டணும், கழட்டினப்புறம் யோசிச்சா திரும்ப மாட்டற வேலை.

அப்ப என் முதல் மெஷினுக்கு பயாஸ் அப்டேட் பண்ணியிருந்தா சரியாயிருக்குமா? இருக்காது. அதுல இருந்த சிப்செட், அதாவது ப்ராசஸருக்குத் துணையா போர்டுல இருக்கற சிப், க்யூ67. இன்டெல் ஐவி பிரிட்ஜை விட்டப்போ வீட்டு மெஷின்ல வர்ற எச்61, எச்67, பி67, இசட்68 போர்டெல்லாம் பயாஸ் அப்டேட்டோட ஏத்துக்கும்னு சொல்லிட்டு, ஆபீஸ் மெஷின்களுக்குப் போன க்யூ65, க்யூ67, பி65 மூணையும் லிஸ்ட்ல சேர்க்கல. சிப்செட்டுக்குள்ள மேனேஜ்மென்ட் எஞ்சின்னு இன்னொரு குட்டி ப்ராசஸர் இருக்கு, மெயின் ப்ராசஸர் கண் முழிக்கறதுக்கு முன்னாடியே அது வேலையை ஆரம்பிச்சிடும், அதோட ஃபர்ம்வேரும் ஐவி பிரிட்ஜுக்கு 8ம் வெர்ஷனா இருக்கணும், பழைய போர்டுல இருக்கறது 7. ஆப்டிபிளெக்ஸ் 7010ல க்யூ77, ஐவி பிரிட்ஜ் கூடவே வந்த சிப்செட், அதான் மறுபேச்சு இல்லாம ஏத்துக்கிச்சு. அதனால சாக்கெட் நம்பரை மட்டும் பாக்காதீங்க, மெஷின் மாடலோட மேனுவல்ல எந்தெந்த ப்ராசஸர் வரும்னு போட்டிருக்கும், அந்த வரியைப் பாருங்க.

அடுத்தது கரண்ட், இதைப் பத்தி கடைக்காரங்க யாரும் பேசறதே இல்ல. 7010ல முன்னாடி இருந்த ஐ3 3220 55 வாட், இந்த ஐ7 77 வாட். 77 வாட்னா ஒரு குண்டு பல்பு அளவுதானேன்னு தோணும். ஆனா ப்ராசஸர் ஓடறது ஏறக்குறைய 1 வோல்ட்ல. 77ஐ 1.1ஆல வகுத்துப் பாருங்க, 70 ஆம்பியர் வருது. நம்ம வீட்டு ஒன்றரை டன் ஏசி இழுக்கறது 7, 8 ஆம்பியர். உள்ளங்கையில அடங்கற சிப்புக்குள்ள அதைவிட ஒன்பது பத்து மடங்கு கரண்ட் போகுது! 1155 பின்ல ஏகப்பட்ட பின் வெறும் பவருக்கும் கிரவுண்டுக்கும்தான் இருக்கு. பவர் சப்ளை குடுக்கற 12 வோல்ட்டை இந்த 1 வோல்ட்டா இறக்கற வேலையை சாக்கெட்டைச் சுத்தி இருக்கற சின்னச் சின்ன காயில், மாஸ்ஃபெட், கெபாசிட்டர் கூட்டம் பண்ணுது. சில குட்டி கேஸ் மெஷின்ல இந்தக் கூட்டத்தையே 65 வாட் சிப்புக்குத் தகுந்த மாதிரிதான் போட்டிருப்பாங்க, அந்த மாதிரி மெஷினுக்கு 65 வாட் 3770எஸ் இல்லேன்னா 45 வாட் 3770டி தேடுங்க.

சூடு. பழைய ஹீட்சிங்கைக் கழட்டினப்போ பேஸ்ட் காஞ்சு விபூதி மாதிரி உதிர்ந்துச்சு, அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல பேப்பர் தூசி பஞ்சு மெத்தையா அடைஞ்சிருக்கு. சிப்போட மூடியும் ஹீட்சிங்கும் கண்ணுக்கு வழவழப்பாதான் தெரியும், ஆனா ரெண்டையும் ஒட்ட வச்சா நடுவுல நுண்ணிய பள்ளங்கள்ல காத்து மாட்டிக்கும், காத்து சூட்டைக் கடத்தறதுல ரொம்ப மோசம். அந்தக் காத்தை விரட்டத்தான் பேஸ்ட், அதனால பச்சைப் பட்டாணி அளவு போதும், தோசைக்கு எண்ணெய் விடற மாதிரி ஊத்தினா சூடு நல்லாக் கடத்தாது. ஸ்க்ரூவைக் குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ஒரே பக்கம் இறுக்கினா மறுபக்கம் தூக்கிக்கும். பின் எல்லாம் ப்ராசஸர்ல இல்ல, போர்டு சாக்கெட்ல இருக்கு, ஒண்ணு வளைஞ்சா போர்டே போச்சு, விரல் படவே கூடாது. சூடு 100 டிகிரி பக்கம் போனா ப்ராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும், எரிஞ்சு போகாது, ஆனா ஐ7க்கு காசு குடுத்துட்டு ஐ3 வேகத்துல ஓட்டற கதையாயிடும். நம்ம ஊர் மே மாசத்துல கடைக்குள்ளயே 36, 37 டிகிரி இருக்கும், அதனால தூசி தட்டறது இங்க ரொம்ப முக்கியம்.

செகண்ட் ஹேண்ட் சிப் வாங்கறப்போ மூடி மேல இருக்கற எழுத்தை வெளிச்சத்துல படிங்க. ஐ7 3770க்கு எஸ்ஆர்0பிகேன்னு இருக்கணும். கான்ஃபிடென்ஷியல்னு எழுதியிருந்தா அது டெஸ்டிங்குக்குப் போன சாம்பிள், வேணாம்.

சரி, என்ன கிடைச்சுது? ஐ3ல ரெண்டு கோர், ஐ7ல நாலு. டீக்கடையில ரெண்டு மாஸ்டர் நின்ன இடத்துல நாலு பேர் நிக்கறாங்க, ஒவ்வொருத்தரும் ஒரு டீக்குப் பால் கொதிக்கற நேரத்துல இன்னொரு டீயை ஆத்திடுவாங்க, அதான் ஹைப்பர் த்ரெடிங், ரெண்டு சிப்லயும் உண்டு. ஆனா ஒரே ஒரு டீ ஆர்டர் வந்தா நாலு மாஸ்டர் இருந்தும் வேகம் பெருசா கூடாது. பத்திரிகை டிசைன் பண்றப்போ அத்தைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிஞ்சுது, ஐ3 3.3 கிகாஹெர்ட்ஸ்லயே நிக்கும், ஐ7 ஒரு கோருக்கு 3.9 வரைக்கும் ஏறும், அவ்வளவுதான். நூறு பக்க ப்ராஜெக்டை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தறப்போதான் அசந்து போனாங்க, டாஸ்க் மேனேஜர்ல ஒரு கோருக்கு ரெண்டா எட்டு பட்டையும் நூத்துக்கு நூறு நிக்குது. உங்க மெஷின்ல இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தா முதல் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்க, அதுக்கப்புறம்தான் ப்ராசஸர். இன்னொண்ணு, விண்டோஸ் 11 லிஸ்ட்ல இந்தத் தலைமுறை சிப் எதுவுமே கிடையாது, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. அதனால அத்தை மெஷின்ல பேங்க் வேலை எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டேன், டிசைனும் ஸ்கேனும் மட்டும்தான்.

கழட்டின ஐ3 3220யும் ஐவி பிரிட்ஜ்தான், அந்த க்யூ67 மெஷின்ல ஏறாது. அதுக்கு சாண்டி பிரிட்ஜ் ஐ7 2600 தேடிட்டு இருக்கேன், 95 வாட், வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலோட மேனுவலை இந்தத் தடவை படிச்சாச்சு, லிஸ்ட்ல இருக்கு.